மூட்டுக்குள் ஒரு கடிகாரம்

உங்கள் இடுப்பு மூட்டு ஒரு கிண்ணத்துக்குள் அமர்ந்த பந்து போன்றது. கிண்ணத்தின் விளிம்பில் ரப்பர் வளையம்போல் ஒரு மெல்லிய வரம்பு உண்டு. அது கிழிந்தால் உட்கார்ந்து எழுவதே வேதனையாகிவிடலாம்.

இம்மூட்டில் பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே ஊசி நுழைக்க இயலாது என்று 1931இல் நியூயார்க் மருத்துவர் மைக்கேல் பர்மன் எழுதினார். இன்றோ, மயக்க மருந்து கொடுத்துக் காலை இழுத்து, ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இடைவெளி உண்டாக்கி, பென்சிலைவிட மெல்லிய ஆர்த்ராஸ்கோப் கருவியை உள்ளே செலுத்திப் பார்க்கிறார்கள்.

பார்த்ததை எப்படி எழுதி வைப்பது? "முன்பக்கம் கிழிசல்" என்று மட்டும் எழுதினால், சில ஆண்டுகள் கழித்து மறுபடி வலி வரும்போது, வேறொரு மருத்துவர் எந்த இடத்தைத் தேடுவார்? எனவே கிண்ணத்தைக் கடிகார முகமாகக் கொண்டார்கள். உச்சி 12 மணி. அடி 6 மணி. "12 முதல் 3 வரை கிழிசல்" என்றால் இடமும் நீளமும் தெரிந்துவிடும்.

இதில் ஒரு சிக்கல்! நண்பன் ஒருவனின் வலப்பக்கம் நின்று அவனைப் பாருங்கள். அவன் மூக்கு உங்களுக்கு 3 மணித் திசையில் இருக்கும். இடப்பக்கம் போய்ப் பாருங்கள். மூக்கு 9 மணிக்குப் போய்விடும்! இடுப்புக் கிண்ணமும் அப்படித்தான். எந்தக் காலானாலும் முன்பக்கம் 3 என்றே பலர் குறிக்கிறார்கள். குறிப்பைப் படிப்பவருக்கும் அந்த வழக்கம் தெரிந்திருக்க வேண்டுமே!

2008இல் மெக்சிகோ மருத்துவர் இலிசாலிதுரி குழுவினர் கடிகாரத்தையே விட்டுவிட்டு, கிண்ணத்தை 6 மண்டலங்களாகப் பிரித்தனர். முன்புறக் கீழ்ப்பகுதி 1, நடுக்குழி 6. வலது, இடது இரண்டுக்கும் ஒரே எண்கள்.