தோழமையே உடற்பயிற்சி

'நாளை முதல் உடற்பயிற்சி' என்று உறுதி எடுக்கும் மாணவர்களைப் பல்லாண்டுகள் கண்டிருக்கிறேன். அந்த நாளை எளிதில் வருவதில்லை. இன்றைய சுகத்துக்காக நாளைய நன்மையைத் தள்ளிப்போடும் இப்போக்கைப் பொருளாதாரத்தில் 'நிகழ்காலச் சார்பு' என்போம். அதற்கு மாற்று, தோழமை. விடுதி வாசலில் நண்பர் காத்திருந்தால் எழுந்தே ஆக வேண்டும்.

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் படகோட்டிகள் 12 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2009-இல் வெளியானது. தனித்துப் பயின்றபோதைவிட, சேர்ந்து துடுப்பிட்டபோது அவர்களின் வலி தாங்கும் திறன் மிகுந்திருந்தது.

உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு. ஐந்து நாள், 30 நிமிடம் விரைந்து நடந்தாலே போதும்.

வருகைப் பதிவேடு வராத மாணவரைக் குறித்துக்கொள்ளும். உடன் நடப்பவரோ அவரைத் தேடிச் செல்வார். மனச்சோர்வில் ஒடுங்கும் இளைஞருக்கு அந்தத் தேடலே முதலுதவி. கல்லூரி மைதானங்கள் அணி வீரர்களுக்கு மட்டுமின்றி அனைவருக்கும் திறக்கட்டும்.