மேடைக்குக் கீழே நின்ற தப்பு

குமாரலிங்கபுரத்திலும் சுற்றியுள்ள கரிசல் ஊர்களிலும் அன்று பங்குனிப் பொங்கல் என்றால் முதலில் வந்து இறங்குவது ரேடியோ செட்டுதான். வேப்பமரத்து உச்சியில் குழாயைக் கட்டிவிட்டால் சாமி பாட்டில் தொடங்கி நள்ளிரவு வரை சினிமாப் பாட்டு. வெள்ளாமை நன்றாக வந்து வரிப்பணம் கூடுதலாகச் சேர்ந்த வருடம் மதுரையிலிருந்து மெல்லிசைக் குழு வரும். ட்ரம்ஸ், கீபோர்டு, பேஸ் கித்தார் எல்லாம் இருக்கும். ‘அச்சு அசல் டி.எம்.எஸ்.’, ‘அப்படியே எஸ்.பி.பி.’ என்பதுதான் பாடகருக்குக் கிடைக்கும் பெரிய பாராட்டு. சொந்தமாக ஒரு பாட்டைக் கட்டிப் பாட அங்கே இடமில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அதே திருவிழாவில் தப்படிக்கிறவர்களும் இருந்தார்கள். பனியில் தொய்ந்த தோலை வைக்கோல் தீயில் காய்ச்சி அடித்தால் கண்மாய்க் கரை வரை கேட்கும். சாமி புறப்பாட்டுக்கும் சாவு வீட்டுக்கும் அவர்களைக் கூப்பிட்டார்கள். மேடைக்கு மட்டும் கூப்பிட்டதில்லை. வெறுங்காலோடு தெருவில் நின்று அடித்துவிட்டு, கொடுத்ததைத் துண்டில் ஏந்திக்கொண்டு போனார்கள். ஊர் அதைத் திருவிழாவின் ஒழுங்காகவே பார்த்தது. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் அது.

சென்னையில் அப்போதே ராக் குழுக்கள் இருந்தன. ஐ.ஐ.டி.யின் சாரங் போன்ற கல்லூரி விழாக்களில் வாசித்தார்கள். பாட்டு பெரும்பாலும் ஆங்கிலம். பக்கத்துக் கேரளத்தில் ‘அவியல்’ குழு 2008-இல் முழுக்க மலையாளத்தில் தன் முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்தது.

தமிழில் பெரிய உடைப்பு 2018 ஜனவரி 6 அன்று நடந்தது. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல்முறை மேடை ஏறியது. மொத்தம் 19 பேர். அதில் பெண் இசைவாணி ஒருவர்தான். சாதியற்ற தமிழர் என்று அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த அடையாளத்திலிருந்து வந்தது அந்தப் பெயர். கானா பாடுகிறவர்கள், ராப் பாடுகிறவர்கள், பறை, தவில், கட்டை மோளம், சட்டி, பக்கத்திலேயே எலக்ட்ரிக் கித்தாரும் ட்ரம்ஸும். இட ஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் வடசென்னையின் அன்றாடத்தையும் சொந்தச் சொல்லில் பாடினார்கள். அந்த வருடமே ‘மகிழ்ச்சி’ என்ற முதல் ஆல்பம் வந்தது.

கானா, வடசென்னையில் சாவு வீட்டில் விடியவிடியப் பாடப்பட்டது. எங்கள் பக்கம் தப்பு என்று சொல்லும் பறையும் சாவு வீட்டோடு கட்டிப்போடப்பட்டது. ஊர் ஒதுக்கிவைத்த அந்த இரண்டையும் நடு மேடைக்குக் கொண்டுவந்து, அவற்றின் தாளத்துக்குக் கித்தாரை இணங்க வைத்ததுதான் இந்தக் குழுவின் பெரிய காரியம் என்பேன். இதில் ராக் இசைக்கு அந்நியமான எதுவும் இல்லை. அமெரிக்கத் தெற்கின் பருத்திக் காடுகளில் உழைத்த கறுப்பின மக்களின் ப்ளூஸிலிருந்துதான் ராக்கே கிளைத்தது. பருத்தி விளையும் கரிசல்காட்டில் பிறந்தவனுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் குழுவில் பாடிய அறிவு, 2021-இல் பாடகி தீயுடன் பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வைக் கொண்டுவந்தார். பழைய இராமநாதபுரம் மாவட்டத்துச் சனங்களுக்கு அது வேற்று ஊர்க் கதை இல்லை. பஞ்சத்துக்குத் தப்பி மண்டபம் முகாம் வழியாகக் கப்பலேறியவர்கள் இந்தப் பக்கத்திலும் உண்டு.

இன்று இங்கே குழாய் போய்ப் பெட்டி ஸ்பீக்கர் வந்துவிட்டது. தப்பிலும் ஃபைபர் வந்துவிட்டது. ஸ்பேனரால் முடுக்கினால் போதும், வைக்கோல் தீ வேண்டாம். பையன்களின் போனில் இசைவாணியும் அறிவும் ஒலிக்கிறார்கள். 2020-இல் நீலம் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ இசை விழா அடுத்த வருடமே மதுரை வரை வந்தது. எங்கள் பொங்கல் மேடை மட்டும் அப்படியே இருக்கிறது: அதே மெல்லிசைக் குழு, அதே ‘அச்சு அசல்’.

விழாக் கமிட்டிக்காரர்களிடம் கேட்பது இதுதான். வருகிற பங்குனியில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். தப்படிக்கிற பிள்ளைகளை மேடையில் ஏற்றி, மெல்லிசைக்குழுக் கித்தார்காரரைப் பக்கத்தில் நிறுத்துங்கள். மழை பொய்த்ததைப் பாடட்டும், தறியைப் பாடட்டும், சீமைக்கருவேல மரம் வெட்டிக் கரி மூட்டம் போடுகிறவர்களைப் பாடட்டும். நோட்டீசில் அவர்கள் பேரையும் அச்சடியுங்கள். மெல்லிசைக் குழுவுக்குக் கொடுக்கிற அதே கவரில் வைத்துக் கூலியையும் கொடுங்கள்.