வீட்டுப் பெயர்களில் வாழ்ந்த மொழி

கறுப்பின மக்களின் வரலாற்றுச் சாதனைகள் என்றதும் சட்டங்களும் பேரணிகளும் தலைவர்களும் நினைவுக்கு வருவது இயல்பு. மொழியைப் பொருளாகக் கொண்ட இவ்வரிசையில், 1949ஆம் ஆண்டு சிக்காகோ பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட ஓர் ஆய்வு நூலை நாம் எடுத்துக்கொள்வோம். கறுப்பின மொழியியல் அறிஞர் லொரென்சோ டவ் டர்னர் எழுதிய அந்நூல், கல்லா என்னும் மொழியிலுள்ள ஆப்பிரிக்கக் கூறுகளை ஆராய்கிறது.

அமெரிக்காவின் தென் கரோலினா, ஜோர்ஜியா மாநிலக் கடலோரத் தீவுகளில் வாழும் கறுப்பின மக்களின் பேச்சே கல்லா. நெல், பருத்தித் தோட்டங்களில் உழைக்க அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் அவர்கள். தமிழிலுள்ள 'கல்லா' என்னும் சொல்லுக்கும் இப்பெயருக்கும் உறவில்லை. ஆயினும் அம்மக்களைக் கல்லாதார் என்றே வெளியுலகம் எண்ணியது. ஆங்கிலேயக் குடியானவரின் பழங்கொச்சையே சிதைந்து இவ்வாறு ஆயிற்று என்றனர் அறிஞர் சிலர். சோம்பிய நாவின் விளைவு என்று எழுதியவரும் உண்டு. இவர்கள் ஆப்பிரிக்க மொழிகளைக் கற்று ஒப்பிட்டுப் பார்த்தவரல்லர். பிழை அங்கேதான் தொடங்கியது என்பது நம் கருத்து.

டர்னர் 1930களின் தொடக்கத்தில் கனத்த ஒலிப்பதிவுக் கருவியுடன் அத்தீவுகளுக்குச் சென்றார். பின்னர் இலண்டன் சென்று மேற்கு ஆப்பிரிக்க மொழிகளைப் பயின்றார். அவர் தொகுத்த ஏறத்தாழ 4,000 ஆப்பிரிக்கச் சொற்களுள் மிகப் பெரும்பாலானவை ஆட்பெயர்கள். பள்ளிக்கும் முதலாளிக்கும் ஓர் ஆங்கிலப் பெயர். வீட்டாரும் அண்டை அயலாரும் அழைக்க வேறொரு பெயர். அயலார் முன் அவ்வீட்டுப் பெயரை எவரும் எளிதில் வெளியிடுவதில்லை. முன்னைய ஆய்வாளர் பலர் இச்செல்வத்தைக் காணாமற்போனதற்கு இதுவும் ஒரு காரணம். பெயர்களேயன்றி அன்றாடச் சொற்களும் உண்டு. அமெரிக்கத் தென்மாநிலங்களில் நிலக்கடலையைக் குறிக்கும் 'கூபர்' என்னும் சொல், கொங்கோ மொழியின் 'ங்கூபா' என்பதிலிருந்து வந்ததே.

டர்னர் பதிவு செய்தவற்றுள் ஒரு பாடல் தனித்துச் சொல்லத்தக்கது. ஜோர்ஜியாவின் ஹாரிஸ் நெக் என்னும் ஊரில் அமேலியா டாவ்லி என்ற பெண்மணி அதைப் பாடினார். தாம் பாடும் சொற்களின் பொருளை அவர் அறியார். அது சியரா லியோனின் மெண்டே மொழி என்பதை அந்நாட்டு மாணவர் ஒருவர் டர்னருக்கு விளக்கினார்.

1990களில் ஆய்வாளர் சிலர் அப்பாடலின் தடத்தைத் தேடிச் சென்றனர். ஜோர்ஜியாவில் அமேலியாவின் மகள் மேரி மோரன் அதை மறவாதிருந்தார். சியரா லியோனின் செனெகுன் ங்கோலா என்னும் சிற்றூரில் பெண்டு ஜபாட்டி என்பவரும் அதே பாடலை அறிந்திருந்தார். அவ்வூரில் அது முன்னர்ப் பெண்கள் ஈமச்சடங்கில் பாடிவந்த பாட்டு. 1997இல் மேரி மோரன் குடும்பத்தோடு அங்குச் சென்றார். பிரிந்துபோன உறவினர் என்றேனும் திரும்பி வருவர், இப்பாட்டைக் கொண்டு அவர்களை அடையாளம் காண்பாய் என்று பெண்டுவிடம் அவருடைய பாட்டியார் முன்னரே சொல்லி வைத்திருந்தார்.