உங்களுக்குத் தெரியுமா? பச்சைப் பனிக்கரடிகள்!

2004இல் சிங்கப்பூர் விலங்கியல் தோட்டத்திலிருந்த இரண்டு பனிக்கரடிகளும் பச்சை நிறமாகிவிட்டன! பனிக்கரடியின் முடி உள்ளே வெறும் குழல். வெக்கையும் ஈரமும் ஓயாத ஊர் அல்லவா, அந்தக் குழலுக்குள் பாசி குடியேறிவிட்டது.

• ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலால் கழுவித்தான் வெள்ளையாக்கினார்கள்.

• ஒன்று தாய் ஷீபா. மற்றது 1990இல் அங்கேயே பிறந்த இனுகா. வெப்பமண்டலத்தில் பிறந்த முதல் பனிக்கரடி அதுதான்.

• இனுகாவுக்கு 2013இல் குளிரூட்டிய புதிய இருப்பிடம் கிடைத்தது. முதுமையில் நலிந்த அதை 2018இல், 27 வயதில், கருணைக்கொலை செய்தார்கள்.

• இனி வேறு பனிக்கரடிகளைக் கொண்டுவருவதில்லை என்று தோட்டம் 2006இலேயே அறிவித்திருந்தது. தாமதம்தான், ஆனாலும் சரியான முடிவு.