கருவாட்டு வெயிலில் காளான்

தென்னை வைத்திருப்பவர்களுக்குப் பார்த்தாலே வயிறு கலங்கும் காளான் ஒன்று உண்டு. முதலில் தூர்ப்பகுதியில் செம்பழுப்பாகச் சாறு வடியும். அடிமட்டைகள் வாடித் தொங்கும். கடைசியில் மண்ணை ஒட்டி, அடிமரத்தில் அரைவட்டத் தட்டாக அது வெளியே வரும். மேலே அரக்கு பூசிய பளபளப்பு, வளரும் விளிம்பில் வெள்ளை, விரலால் ஒடிக்க முடியாத கட்டைத்தன்மை. அதைக் கண்ணால் பார்க்கும்போது அநேகமாக மரம் கைவிட்டுப் போயிருக்கும். 1952 புயலுக்குப் பிறகு தஞ்சைப் பகுதியில் பரவலாகத் தெரிந்ததால் ‘தஞ்சாவூர் வாடல் நோய்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. நோயைத் தருவது கானோடெர்மா என்ற பூஞ்சை.

இதே கானோடெர்மா இனத்துக் காளானைத்தான் ரெய்ஷி என்று சொல்லி மாத்திரையாகவும் காப்பித்தூளாகவும் விற்கிறார்கள். விழுப்புரம் மாவட்டத்தில் ஆரோவில்லை ஒட்டிய பொம்மையார்பாளையத்தில் இயற்கை மருத்துவம் பேச ஆளுக்குப் பஞ்சமில்லை. புற்றுநோய், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு எல்லாவற்றுக்கும் ரெய்ஷியைச் சொல்பவர்கள் எங்கும் இருக்கிறார்கள். ஆய்வுகளைச் சலித்துப் பார்க்கும் காக்ரேன் குழுவுக்குப் புற்றுநோய் விஷயத்தில் தேறியவை 5 ஆய்வுகள், 373 நோயாளிகள். முதல் சிகிச்சையாகக் கொடுக்க இது போதாது, வழக்கமான சிகிச்சையோடு துணையாகச் சேர்ப்பதை வேண்டுமானால் யோசிக்கலாம் என்றது அந்தக் குழு. சர்க்கரை நோயாளிகளின் இதய ஆபத்தைக் குறைக்குமா என்று அதே குழு 2015இல் பார்த்தபோது, குறைக்கும் என்று சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

அப்படியானால் மருத்துவக் காளான் என்பதே கட்டுக்கதையா? இல்லை. ஷிடாகே காளானிலிருந்து பிரித்த லென்டினானை 1985இல் ஜப்பான் அரசு அனுமதித்தது. ஆனால் அது சுத்திகரித்த ஊசி மருந்து, கீமோதெரபியோடு சேர்த்துக் கொடுப்பது. தூளைப் பாலில் கலக்கிக் குடிப்பது வேறு சங்கதி.

எனக்கு இதைவிட வியப்பாக இருப்பது, குழம்புக்கு வாங்கும் சாதாரணக் காளானில் நடக்கும் வேலை. நம் செல்லின் சவ்வில் கொலஸ்ட்ரால் இருக்கும் இடத்தில் பூஞ்சைக்கு எர்கோஸ்டெரால் இருக்கிறது. வெயிலில் உள்ள புறஊதா பி கதிர் பட்டால் எர்கோஸ்டெராலின் நான்கு வளையங்களில் ஒன்று உடைந்து திறக்கும். பிறகு வெறும் வெப்பத்தாலேயே அந்த மூலக்கூறு உருமாறி வைட்டமின் டி2 ஆகிவிடும். நம் தோலில் நடப்பதும் ஏறக்குறைய இதுவே. அங்கே கிடைப்பது டி3. ஆனால் காளான் உயிரோடு இருக்கவேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. பறித்து, நறுக்கி, தட்டில் பரப்பிய பிறகும் வேலை நடக்கும்.

குடிலின் நிழலில் வளர்ந்த காளானில் டி சத்து மிகக் குறைவு. நறுக்கி உச்சிவெயிலில் கால் மணியிலிருந்து 2 மணி நேரம் வரை வைத்தால், 100 கிராம் பச்சைக் காளானில் 10 மைக்ரோகிராமுக்கு மேல் சேரும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு நாளைக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) பரிந்துரைப்பது 15 மைக்ரோகிராம். ரத்தத்தில் டி அளவை நீண்ட நாள் தக்கவைப்பதில் டி3 ஒரு படி மேல்தான். என்றாலும் சைவச் சாப்பாட்டில் இந்தச் சத்துக்கு வேறு வழி அவ்வளவாக இல்லையே!

அதற்கான காளானும் நம் பக்கமே விளைகிறது. மொட்டுக் காளானுக்கு ஊட்டிக் குளிரோ ஏசி அறையோ வேண்டும். பால் காளானுக்கு 30 முதல் 35 டிகிரி சூடுதான் பிடிக்கும். 1974இல் வங்காளத்தில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட அதை, 1998இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஏபிகே 2 என்ற ரகமாக வெளியிட்டது. வேகவைத்த வைக்கோல், காளான் வித்து, பாலித்தீன் பை, மேலே கொஞ்சம் மண் போதும். நெல் விளையும் விழுப்புரத்தில் வைக்கோலுக்கா குறை?

காளானில் இன்னொரு பொருளும் இருக்கிறது: எர்கோதையோனின். சிப்பிக் காளானில் இது மொட்டுக் காளானைவிடக் கூடுதல். கம்பில் தேன் ஒழுகல் நோயைத் தரும் பூஞ்சைக்கு உறவான, ரை என்ற தானியத்தின் கதிரைத் தாக்கும் பூஞ்சையிலிருந்து 1889இல் எர்கோஸ்டெராலைப் பிரித்த பிரெஞ்சு மருந்தாளர் சார்ல் தான்ரே, 1909இல் அதே பூஞ்சையிலிருந்து இதையும் பிரித்தார். மனித உடலுக்கு இதைத் தயாரிக்கத் தெரியாது. ஆனால் சாப்பாட்டிலிருந்து இதை செல்லுக்குள் இழுத்துச் சேர்க்கத் தனியாக ஒரு புரதமே இருக்கிறது என்று 2005இல் தெரியவந்தது. வேண்டாத பொருளுக்கு உடம்பு இத்தனை மெனக்கெடுமா? சிங்கப்பூரில் 60 வயதைத் தாண்டிய 663 சீனரை ஆராய்ந்ததில், வாரம் இரண்டு பங்குக்கு மேல் காளான் சாப்பிட்டவர்களிடம் லேசான அறிவுத்திறன் குறைபாடு ஏறக்குறைய பாதியாகக் காணப்பட்டது. ஒரு பங்கு என்பது சமைத்த காளான் 150 கிராம். காளான்தான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. காளான் சாப்பிடுபவர்கள் மற்ற உணவையும் நன்றாகச் சாப்பிடுபவர்களாக இருக்கலாம்.

பொம்மையார்பாளையம் போன்ற மீனவக் குப்பங்களில் கருவாடு காயும் வெயில் காளானுக்கும் தாராளம். பூமத்திய ரேகைக்கு வடக்கே 12 பாகையில் இருப்பதால் இங்கே நடுப்பகலில் ஆண்டு முழுவதும் புறஊதா பி கிடைக்கும். காலை 11 மணிக்கு மேல், குடைக்கு அடியிலுள்ள செவுள் மேலே பார்க்கும்படி பரப்பிவைக்கவேண்டும், ஏனென்றால் எர்கோஸ்டெரால் செவுளில்தான் அதிகம். ஈ மொய்க்காமலிருக்க மெல்லிய வலை போடலாம். கண்ணாடிச் சன்னலுக்கு உள்ளே வைத்தால் பயனில்லை: சூடு வரும், காளானும் காயும், ஆனால் புறஊதா பி கதிரைக் கண்ணாடி பெரும்பாலும் உள்ளே விடாது.