திருப்பெயருக்குப் பின் ஒரு குறி: கணினியில் சிறப்புக் குறியீடுகளை எழுதுதல்

செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் செல்லும் வழியில் பாலாற்றங்கரையில் அமைந்த ஊர் பழையசீவரம். எதிர்க்கரையில் திருமுக்கூடல். அங்குள்ள பெருமாள் கோயிலில் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரராசேந்திர சோழனின் நெடிய கல்வெட்டொன்று உள்ளது. பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை, மாணவர் விடுதி, அவற்றுக்கான நெல்லும் காசும் என அனைத்தையும் அது விரித்துரைக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளைப் படித்துப் பழகியோர் அறிவர்: கலம், மா, வேலி போன்ற அளவைகளையும் பின்னங்களையும் கல்லில் பொறித்தோர் எல்லா இடத்தும் சொல்லாக எழுதவில்லை, குறியாகவே வெட்டினர். கல்லில் இடம் அரிது. உளிக்கு உழைப்பு மிகுதி. சுருக்கக் குறி அங்கே தேவையிலிருந்து பிறந்தது.

அந்த வழக்கம் ஓலைக்கும் பத்திரத்துக்கும் வந்தது. பள்ளிவாசல் நிலங்களின் பழைய ஆவணங்களைப் பெயர்த்தெழுத முற்படுவோர் முதலில் தடுமாறுவது இக்குறிகளில்தான். ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய், ௺ எண். '௸யார்' என்று ஒரு பத்திரத்தில் கண்டால் அது 'மேற்படியார்' ஆகும். இந்த எட்டும் யூனிகோடு 4.0 பதிப்பில், 2003இல், இடம்பெற்றன. முந்திரி எனப்படும் 1/320 முதலான பின்னங்களும் நெல், நில அளவைக் குறிகளும் 2019இல் வெளிவந்த 12.0 பதிப்பில்தான் தனித் தொகுதியாகச் சேர்க்கப்பட்டன. அவற்றைக் காண நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமெண்ட் போன்ற எழுத்துரு தேவை. சாதாரணத் தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் அவை வெறுங்கட்டமாகவே தெரியும்.

இக்குறிகள் எந்த விசைப்பலகையிலும் அச்சிடப்பட்டிருப்பதில்லை. மைக்ரோசாஃப்ட் வேர்டில் இவற்றைப் பெற மூன்று வழிகள் உள்ளன. செருகு மெனுவில் 'சிம்பல்' என்பதைத் திறந்து, எழுத்துருவையும் உட்தொகுதியையும் தேர்ந்து, பட்டியலில் தேடுவது முதல் வழி. மெதுவானது, ஆனால் எண் அறியாதவர்க்கு இதுவே கதி. இரண்டாவது, ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு வலப்புற எண்பலகையில் பதின்ம எண்ணைத் தட்டுவது. 3059 என்றால் ௳. அங்கிருந்து வரிசையாக 3066 வரை சென்றால் மேற்கண்ட எட்டும் கிடைக்கும். எண்பலகை இல்லாத மடிக்கணினியில் இது பயன்படாது. அவர்கள் குறியின் பதினறும எண்ணை எழுதி, உடனே ஆல்ட்டும் எக்ஸும் சேர்த்து அழுத்த வேண்டும். எண் மறைந்து குறி தோன்றும். பொருள் தெரியாத குறியொன்று எதிர்ப்பட்டால், அதன் பின்னால் சுட்டியை நிறுத்தி அதே விசைகளை அழுத்தினால் குறி எண்ணாக மாறும். தேடுவதற்கு அந்த எண் போதும். இந்த ஆல்ட்–எக்ஸ் முறை லிப்ரே ஆஃபிஸிலும் உண்டு.

இனி நமக்கு நெருக்கமான செய்திக்கு வருவோம். நபிகள் நாயகத்தின் திருப்பெயருக்குப் பின் நம் தமிழ் ஏடுகள் '(ஸல்)' என்று அச்சிடுகின்றன. ஈயம் கோத்து அச்சிட்ட காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. ஆயினும் ஹதீஸ் கலையின் பேரறிஞர் இப்னுஸ் ஸலாஹ் (மறைவு ஹிஜ்ரி 643, கி.பி. 1245) தம் முகத்திமாவில் எழுத்தர்களுக்குச் சொன்ன அறிவுரை நம் கவனத்துக்குரியது. ஸலவாத்தை ஓரிரு எழுத்துகளால் குறிப்பதையும், ஸலாத்தை மட்டும் எழுதி ஸலாமை விட்டுவிடுவதையும் அவர் குறைகளாகவே எண்ணினார். எத்தனை முறை வந்தாலும் சலிப்பின்றி முழுமையாக எழுத வேண்டுமென்றார். கையால் படியெடுத்தோருக்கே அந்த அறிவுரை என்றால், விரல் நுனியில் இயந்திரம் வைத்திருக்கும் நாம் என்ன சாக்குச் சொல்வது?

யூனிகோடில் ஸலவாத் முழுவதையும் ஒரே எழுத்தாக வடித்த குறி ஒன்று உண்டு. அதன் பதின்ம எண் 65018. பதினறும எண் எஃப்டிஎஃப்ஏ. இது சுருக்கமா, முழுமையா என்ற ஐயம் எழலாம். யூனிகோடு தரமே இதனை நான்கு சொற்களாக, இடைவெளியும் சேர்த்துப் பதினெட்டு எழுத்துகளாகப் பிரித்துக் காட்டுகிறது. வடிவத்தில் ஒன்று, பொருளில் முழு வாசகம். ஆகவே இதனைச் சுருக்கம் என்று ஒதுக்க வேண்டியதில்லை என்பது எம் கருத்து. பிஸ்மில்லாஹ் முழுமையும் 65021ஆம் எண்ணில் உள்ளது. அது மிக அகலமான வடிவம், தலைப்பு வரிக்கு மட்டுமே ஏற்றது. ரலியல்லாஹு அன்ஹு, அலைஹிஸ் ஸலாம், ரஹிமஹுல்லாஹ் ஆகியவை தனி எழுத்துகளாக வந்தது 2021இல், 14.0 பதிப்பில், எண்கள் முறையே 64833, 64839, 64832. ஆண், பெண், இருவர், பலர் என ரலியல்லாஹுவின் வடிவங்கள் தனித்தனியே அமைந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. நம் '(ரலி)' இந்த வேறுபாட்டை முற்றிலும் மறைத்துவிடுகிறது.

ஆனால் இங்கே எச்சரிக்கை தேவை. யூனிகோடுக்கு முற்பட்ட அலங்கார எழுத்துருக்கள் சிலவற்றில் ஸலவாத் குறி ஒரு ரோமன் எழுத்தின் இடத்தில் வைக்கப்பட்டிருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால், திருப்பெயருக்குப் பின்னால் பொருளற்ற ஆங்கில எழுத்தொன்று நிற்கும். அத்தகைய பழைய கோப்புகளை மறுபதிப்புச் செய்வோர் ஒவ்வொரு இடத்தையும் கண்ணால் பார்த்து யூனிகோடு குறியாக மாற்றுவதே முறை. யூனிகோடு குறியும் எழுத்துரு இல்லாவிடில் கட்டமாகும். பொருளாவது உள்ளே அழியாமல் இருக்கும். அரபு எழுத்துகளைப் பெரும்பாலும் உள்ளடக்கிய ஷெஹரஸாத் நியூ என்னும் எழுத்துருவை எஸ்.ஐ.எல். அமைப்பு கட்டணமின்றி வழங்குகிறது. பத்தி முழுவதையும் தேர்ந்து தமிழ் எழுத்துருவை மாற்றினால் குறியின் எழுத்துருவும் சேர்ந்து மாறும். எனவே குறிக்கெனத் தனி எழுத்துப் பாணி ஒன்றை அமைத்துக்கொள்வது நலம். பதினொரு புள்ளி அளவில் இக்குறி மை படிந்த புள்ளிபோல் தோன்றும். அளவைக் கூட்டினால் வரி இடைவெளி கலையும். இடைவெளியை நிலையாக வைத்தால் குறியின் தலை வெட்டுப்படலாம். சோதனை அச்சு ஒன்று எடுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி யாம் அறியோம்.

அரபெழுத்தை வாசிக்கப் பழகாத தமிழ் வாசகர்க்கு இச்சிறு வடிவம் ஓர் ஓவியமே. அவர் நாவில் ஸலவாத் எழ அது உதவுமா? ஆகையால் தமிழ்க் கட்டுரையில் 'ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்' என்று முழுமையாக எழுதுவதையே யாம் விரும்புகிறோம். வேர்டின் தானியங்கித் திருத்தப் பட்டியலில் 'ஸஸஸ' போன்று வேறெங்கும் வாராத ஒரு கோவையை இட்டு, அதற்கு ஈடாக இவ்வாசகத்தைப் பதிந்துவிட்டால் போதும். மூன்று எழுத்துத் தட்டி இடைவெளி விட்டதும் முழு வாசகமும் வந்து நிற்கும். தேடலில் அது அகப்படும். அரபு எழுத்துரு இல்லாத கணினியிலும் கெடாது.

அரபுத்தமிழ் நூல்களைப் பதிப்பிப்போரின் தேவை வேறு. காயல்பட்டினம், கீழக்கரை ஆலிம்களின் கைகளில் வளர்ந்த அவ்வெழுத்துமுறை, அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளி சேர்த்து எழுத்துகளை ஆக்கிக்கொண்டது. கீழ்ப்புள்ளியிட்ட ஃபே பகரத்துக்கு (1699), கீழ்ப்புள்ளியிட்ட தால் டகரத்துக்கு (1674), கீழ்ப்புள்ளியிட்ட நூன் ணகரத்துக்கு (1721), மூன்று புள்ளி பெற்ற ஜீம் வடிவம் சகரத்துக்கு (1670). இவற்றுட் பல வேறு மொழிகளின் பொருட்டு முன்னரே யூனிகோடில் இருந்தமையால் நமக்கும் கிடைத்தன. ககரத்துக்குரிய கீழ்ப்புள்ளிக் காஃப் (2228) 2015இல் வந்த 8.0 பதிப்பு வரை காத்திருந்தது. அதற்கு முன் தட்டெழுதப்பட்ட கோப்புகளில் அவ்விடத்தில் வேறு எழுத்து நிற்கக்கூடும். மூலத்தோடு ஒப்பிடாமல் அச்சுக்கு அனுப்பலாகாது.

அனுப்பும்போது வேர்டு கோப்புடன் பி.டி.எஃப். ஒன்றையும் எழுத்துருக்கள் உட்பொதிந்ததாக இணைப்பது நன்று. அச்சகத்தார் தம் கணினியில் குறி மாறியிருப்பதை அதனோடு ஒப்பிட்டே கண்டுகொள்வர்.