355 கிலோமீட்டருக்கு எத்தனை மணித்தியாலம்?

இந்தக் கிழமை எபிசோட்டில் லேட்டன்சி பற்றிக் கதைச்சம். இணைய வேகம் எவ்வளவு கூடினாலும், முதல் பைட் வந்து சேர ஒரு குறைந்தபட்ச நேரம் எடுக்கும். விமானப் பயணமும் அப்படித்தான். யாழ்ப்பாணம் போற பிளான் இருந்தால் இதை வாசியுங்கோ.

முதலில் தூரம். சென்னை விமான நிலையம் வட அகலக்கோடு 12.99 பாகையில் இருக்கு. பலாலி 9.79 பாகையில். இரண்டுக்கும் நெடுங்கோடு ஏறத்தாழ 80, அதாவது பலாலி சென்னைக்கு நேர் தெற்கு. வழக்கமாக இப்படித் தூரம் கணக்கிட ஹவர்சைன் சூத்திரம் வேணும். இங்கே கழித்தலும் பெருக்கலும் போதும். ஒரு பாகை அகலக்கோடு 111 கிலோமீட்டர், 3.2 பாகை சுமார் 355. கிட்டத்தட்ட பியர்சனிலிருந்து ஒட்டாவா போற தூரம்.

இனி நேரம். இந்த வழியில் பறக்கிற ஏடிஆர் 72 மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் போகும். கணக்குப்படி 43 நிமிடம். ஆனால் டிக்கெட்டில் ஒன்றேகால், ஒன்றரை மணித்தியாலம் எண்டு இருக்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போறது, மேலே ஏறுறது, இறங்க வரிசையில் நிற்கிறது எல்லாம் அதில் சேரும். சென்னையிலிருந்து கட்டுநாயக்க சுமார் 645 கிலோமீட்டர். அங்கே போற ஜெட்டுக்கும் டிக்கெட்டில் கிட்டத்தட்ட அதே நேரம்தான். தூரம் இரட்டிப்புக்குக் கிட்ட, நேரம் கூடவில்லை.

வித்தியாசம் இறங்கின பிறகுதான் தெரியும். கட்டுநாயக்கவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு 350 கிலோமீட்டருக்கு மேல் வீதி. வானில் ஆறு ஏழு மணித்தியாலம்.

அப்ப சென்னை வழிதான் வேகமா? கட்டாயம் இல்லை. டொரொன்டோவிலிருந்து இரண்டு நகரத்துக்கும் நேரடி விமானம் கிடையாது. சென்னையில் தனி டிக்கெட் எண்டால் வெளியே வந்து, பெட்டி எடுத்து, திரும்பச் செக்-இன் செய்ய வேணும். அதுக்கு இந்திய விசாவும் வேணும். சின்ன விமானம், பெட்டி எடையையும் பாருங்கோ. முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது உங்களுக்காக நிற்காது. கொன்ட்ராக்ட் வேலையில் நான் சராசரியை வைத்து நேரம் குடுக்கிறதில்லை, மோசமான நாளை வைத்துத்தான். பயணத்துக்கும் அதையே செய்யுங்கோ.

இந்த வழி புதுசும் இல்லை. ஏர் சிலோனின் முதல் விமானம் 1947 டிசம்பர் 10 அன்று இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாக மெட்ராஸ் போனது. பிறகு போர் வந்து, பலாலி இராணுவத் தளமாகவே இருந்தது. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்து ஆக்கள் விமானத்தில் சென்னை போகக் கொழும்பைச் சுற்ற வேணும்: 355 கிலோமீட்டர் ஏறத்தாழ ஆயிரமாகிப் போனது. 2019 அக்டோபரில் பலாலி சர்வதேச நிலையமாகத் திறந்து, நவம்பரில் அலையன்ஸ் ஏர் சேவை தொடங்கியது. கொரோனாவில் நின்றது, 2022 டிசம்பரில் திரும்ப வந்தது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்தது. அகலக்கோடு ஒருநாளும் மாறவில்லை. வழி திறந்ததும் மூடினதும்தான் நேரத்தை மாற்றினது.

அதனால் டிக்கெட் எடுக்க முதல், நீங்கள் போற நாளில் அந்த விமானம் ஓடுதா எண்டு பாருங்கோ. அம்மம்மாவுக்குச் சொல்லேக்க விமானம் தரையிறங்கிற நேரத்தைச் சொல்லாதேங்கோ. படலைக்கு வந்து சேர்ற நேரத்தைச் சொல்லுங்கோ. அவ அதுவரைக்கும் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டு இருப்பா.